முழங்கையில் முளைத்த எலும்பு

மாதேஸ்வரன் விழுந்தது தக்காளியில். இதைச் சொல்ல அவனுக்கு இன்றைக்கும் வெட்கம்தான். லாரி மோதியது, மாடு குறுக்கே வந்தது என்று சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமான காரணம்கூட அவனுக்கு வாய்க்கவில்லை. ஆகஸ்ட் மாதம் தக்காளியைக் கேட்க ஆளில்லாமல் போய், யாரோ கூடை கூடையாகச் சர்வீஸ் ரோட்டில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடித்துச் சூளகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவனின் பைக் அதில் வழுக்கியது. உடம்பெல்லாம் சிவப்பாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஓடிவந்தவர்கள், ஆள் தேறமாட்டான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். துடைத்துப் பார்த்தால் பேருக்குத்தான் ரத்தம். வலது முழங்கை மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூட்டை இழுத்து உள்ளே தள்ளினார்கள். எலும்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு கீறல் இருக்கிறது, தானாகக் கூடிவிடும் என்று மூன்று வாரத்துக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று வெளியே நூறு பேர் வரிசையில் நின்றார்கள். டாக்டர் எழுதிக்கொண்டே, "தெனமும் எக்சர்சைஸ் பண்ணுங்க, கை வந்துரும்" என்றார். எப்படிப் பண்ணுவது என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

மாதேஸ்வரனுக்கு நாற்பத்தொரு வயது. பதினாலு வருடமாக, இரும்புத் தகட்டை அமுக்கி வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் வேலை. தகட்டை வைத்துவிட்டு, மேசையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அப்போதுதான் பிரஸ் இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மனிதன் இரண்டு கையையும் நீட்டினால்தான் எந்திரம் அவனை நம்பும். ஆகவே அவனுக்குக் கை என்பது பிழைப்பு. அதிலும் முழங்கை என்பது நீளவும் மடங்கவும் வேண்டிய பிழைப்பு.

கட்டுப் பிரித்த கை கட்டை மாதிரி விறைத்திருந்தது. சாயங்காலமே குந்தாரப்பள்ளியிலிருந்து திம்மப்பன் வந்து இறங்கினார். திம்மப்பன் அவனுக்குத் தாய்மாமன். அவர் மகள் சுஜாதாவைத்தான் அவன் கட்டியிருக்கிறான். ஆக மாமாவுக்கு மாமா, மாமனாருக்கு மாமனார். இரட்டை மரியாதை. மாட்டுச் சந்தையில் தரகு பார்ப்பது அவர் தொழில். அது போக, கால் பிசகிய மாடு, கை பிசகிய மனிதன் யாராயிருந்தாலும் நீவி விடுவார். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணெய்தான். அதற்குக் காசு தொடமாட்டார். வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். காசு வாங்குகிறவரிடமாவது வேண்டாம் என்று சொல்லலாம்; இவரிடம் எப்படிச் சொல்வது?

"டாக்டர் என்னா சொன்னாரு?" என்றார்.

"எக்சர்சைஸ் பண்ணச் சொன்னாரு மாமா."

"எக்சர்சைஸ்னா என்னா? கைய மடக்கி நீட்டறதுதானே? அத நான் பண்ணி உடறேன். நீ உக்காரு."

இதில் யாரும் தப்பு சொல்ல முடியாது என்றுதான் மாதேஸ்வரனுக்கும் பட்டது. டாக்டரும் மடக்கச் சொன்னார், மாமாவும் மடக்குகிறார். பாயில் உட்கார்ந்தான். சுஜாதா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமா எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். மாதேஸ்வரன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவியை நிறுத்தினார்கள்.

"கத்தறியா? கத்து. புடிப்பு உடுதுன்னு அர்த்தம்" என்றார் திம்மப்பன் சந்தோஷமாக.

இரண்டு மாதம் இது நடந்தது. சந்தை நாளான வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் மனிதர் பஸ் பிடித்து வந்தார். அவருடைய பாசத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. முழங்கை மட்டும் நாளுக்கு நாள் வீங்கிச் சுட்டது. பிறகு வீக்கம் வற்றியது. வற்றியபோது கை பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டது. மடக்கினாலும் வரவில்லை, நீட்டினாலும் வரவில்லை. சோற்றை அள்ளினால் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. மீதித் தூரத்துக்கு அவன்தான் குனிய வேண்டியிருந்தது.

நவம்பரில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் எடுத்த ஆள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா வளர்ந்திருக்குங்க" என்றார்.

பாவம், அவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். அந்தச் செய்தியோடு மாதேஸ்வரன் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கீறல் விட்ட எலும்பு கூட வேண்டும் என்று சுஜாதா மூன்று மாதமாக ஆட்டுக்கால் சூப்பும் கேழ்வரகுக் களியும் கால்சியம் மாத்திரையுமாக ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கூடியது மட்டுமல்ல, வளர்ந்தே விட்டது! வீட்டில் கேசரி கிண்டினார்கள். திம்மப்பனுக்கு வேட்டி துண்டு வைத்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்து, தம்பதியாகக் காலில் விழுந்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டார். கை மட்டும் விழுந்து கும்பிடும்போதும் மடங்காமல் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நின்றது. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

அந்தத் தெம்பிலேயே வேலைக்குப் போனான். இடது கை பட்டனுக்கு எட்டியது. வலது கை எட்டவில்லை. உடம்பைச் சாய்த்துப் பார்த்தான். வலது எட்டியபோது இடது விட்டுப்போனது. பக்கத்து பிரஸ்காரன் வந்து காதோடு, "ஒரு நட்டை எடுத்துப் பட்டன்ல சொருகிரலாம்ணா. ஒரு கையே போதும்" என்றான். அப்படிச் சொருகிய ஒருத்தனுடைய மூன்று விரல்களை மாதேஸ்வரனே பாலித்தீன் கவரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறான். வேண்டாம் என்று தலையாட்டினான்.

சூப்பர்வைசர் மூர்த்தி தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். "மாதேசு, நீரு வீட்டுக்குப் போம். கை நேரானதும் டாக்டர்ட்ட சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாரும். அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் ஒம்ம பேரு இருக்கும்னு ஹெச்.ஆர்.ல சொல்லுதாவ. அதுக்கு மேல என் கையில இல்ல, கேட்டீரா?" என்றார்.

எலும்பு வளர்ந்துவிட்டது, கை ஏன் வரவில்லை? இந்த ஒரு கேள்வி அவனைப் பிடித்து ஆட்டியது. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் எலும்பு டாக்டர் பிரியதர்ஷினியிடம் போனான். கூடவே சுஜாதாவும். டாக்டர் நர்சிடம் கன்னடத்திலும் போனில் தெலுங்கிலும் பேசி முடித்து, படத்தைப் பார்த்துவிட்டு இவர்களிடம் தமிழுக்கு வந்தார்.

"எலும்பு வளர்ந்திருக்கு. அதுதான் பிரச்சனை."

மாதேஸ்வரனுக்குப் புரியவில்லை. "வளரணும்னுதானே டாக்டர் சூப்பு குடிச்சோம்?"

"இது சூப்பால வர்ற எலும்பு இல்லைங்க. எலும்பு இருக்கக் கூடாத இடத்துல, சதைக்குள்ள வளர்ந்திருக்கு. கதவு இடுக்குல கல் மாட்டின மாதிரி. மூட்டு நகர விடாது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்."

"அப்ப நாளைக்கே எடுத்துருங்க."

"இப்ப எடுக்க முடியாது. இன்னும் முத்தணும். பிஞ்சா இருக்கும்போது வெட்டினா மறுபடி வளரும். மார்ச் வரைக்கும் பார்ப்போம்."

வளரட்டும் என்று வேண்டியது போய், வளர்ந்தது கெடுதல் என்று ஆகி, அந்தக் கெடுதல் நன்றாக முற்றட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறார்கள். மாங்காயாக இருந்தால் வைக்கோலில் போட்டாவது சீக்கிரம் வழிக்குக் கொண்டுவரலாம். மாதேஸ்வரன் தலையைச் சொறிந்துகொண்டான், இடது கையால்.

அப்போதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "அடிபட்ட பிறகு யாராவது எண்ணெய் போட்டு நீவினாங்களா? இழுத்து மடக்கினாங்களா?"

மாதேஸ்வரன் சுஜாதாவைப் பார்த்தான். சுஜாதா தரையைப் பார்த்தாள். கேட்கிற தொனியிலேயே அது குற்றம் என்று தெரிந்தது. பெற்ற அப்பனை எதிரே நிறுத்தி வைத்தது மாதிரி அவள் முகம் சுருங்கிவிட்டது.

"இல்லீங்க டாக்டர்" என்றான்.

டாக்டர் எழுதிக்கொண்டார். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லால் அவன் தனக்குத்தானே ஒரு கதவைச் சாத்திக்கொண்டான். நீவியதால்தான் இந்த எலும்பு வந்ததா என்று இனி அவரிடம் கேட்க முடியாது. நீவவே இல்லையே!  மாமாவிடம், டாக்டர் ஆபரேஷன் வரைக்கும் கையை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டதாக மட்டும் சொன்னார்கள். அவரும், "செரி, வெட்டட்டும். மீதிய அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

மார்ச் வந்தது. ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது கை தோளிலிருந்து விரல் வரை கட்டுக்குள் இருந்தது. சாயங்காலம் டாக்டர் வந்து தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பச்சைத் துணிக்கு நடுவே ஒரு கை. கையுறை போட்ட இரண்டு கைகள் அதைப் பிடித்து மடக்குகின்றன. விரல்கள் தோள் வரைக்கும் போகின்றன. பிறகு அதே கையுறைக் கைகள் நீட்டுகின்றன; கை அநேகமாக நேராக நீள்கிறது.

"இது யாரு கை டாக்டர்?"

"உங்களோடதுதான். எலும்பை எடுத்தாச்சு, ஒட்டிக்கிட்டு இருந்ததையும் விடுவிச்சாச்சு. மூட்டு இவ்வளவு வருது. இனி இதைக் காப்பாத்த வேண்டியது நீங்க. அடுத்த ஆறு வாரம் ரொம்ப முக்கியம்."

மறுநாள் காலையிலேயே பயிற்சி என்றார்கள். மாதேஸ்வரன் கையைப் பார்த்து மடங்கு என்றான். விரல் மட்டும் அசைந்தது. தூங்கும்போது அப்படி ஆடிய கை, முழித்திருக்கிறவன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. அவனுக்கு அதன்மேல் கோபமே வந்தது.

பிசியோதெரபி பார்க்கும் பூபதி இளைஞர், பொறுமைசாலி. கோணம் அளக்கிற பிளாஸ்டிக் கருவி ஒன்றை முழங்கையில் வைத்து, எத்தனை டிகிரி என்று தினமும் ஒரு தாளில் குறிப்பார். "நீங்களே மடக்குங்கண்ணா. இந்தக் கைய இன்னொரு கையால தாங்கிக்குங்க. வலி வந்தா அங்கயே பத்து எண்ணுங்க. வேகமா அமுக்காதீங்க" என்பார். மாதேஸ்வரன் எண்ணுவான். எண்ணும்போது உள்ளே ஒரு குழப்பம் ஓடும். இவரும் மடக்கச் சொல்கிறார், மாமாவும் மடக்கினார். இது ஏன் வைத்தியம், அது ஏன் குற்றம்? கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் பொய்யும் வெளியே வந்துவிடும். ஆகவே பத்து எண்ணினான்.

வீட்டில் சுஜாதாவுக்கு வேறு குழப்பம். அலமாரியில் ஒரு பக்கம் எலும்பு வளர வாங்கிய மாத்திரை, இன்னொரு பக்கம் எலும்பு வளராமல் இருக்க டாக்டர் கொடுத்த மாத்திரை. ஆட்டுக்கால் சூப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல், ஒரு நாள் வைத்தாள், ஒரு நாள் விட்டாள்.

முதல் வாரம் தாளில் எண் ஏறியது. எழுபது, எண்பத்தைந்து, நூறு. பன்னிரண்டாம் நாள் கை மறுபடி வீங்கியது. எண் தொண்ணூறுக்கு இறங்கியது. அடுத்த நாள் எண்பது. மாதேஸ்வரன் அன்று சாப்பிடவில்லை. மறுபடி வளர்கிறது, மறுபடி கட்டையாகப் போகிறது, ஆகஸ்ட் வந்துவிடும், பேர் போய்விடும் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். கேட்டுக்கொண்டே இருந்த சுஜாதாவுக்குத் தாங்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

திம்மப்பன் சந்தை நாளையும் விட்டுவிட்டு வந்தார். மடியில் எண்ணெய்ப் பாட்டில். சுஜாதா பாயை விரித்தாள். அவர் மருமகனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தழும்பைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"நல்லாத்தான் தொறந்து உட்டுருக்காங்கோ. இனி பயப்படாத மாப்ள. பத்து நாளு என் கையில உடு. பட்டன் என்னா, பிரஸ்ஸையே தூக்கிருவ."

மாதேஸ்வரன் அந்தக் கையைக் கொடுத்துவிடத்தான் நினைத்தான். உண்மையைச் சொன்னால், கொடுத்துவிட ஏங்கினான். ஏழு மாதமாக ஒவ்வொருத்தரும் பார்ப்போம், போகப் போகத் தெரியும், ஆனால் என்று இழுத்தார்கள். மாமா ஒருத்தர்தான் ஆகும் என்று சொன்னார். குழம்பிப்போனவனுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவனுக்குத்தான் தெரியும். மாமா உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். அந்தச் சூட்டு வாசனை வந்ததும் மாதேஸ்வரனுக்கு டாக்டரின் கேள்வியும் தன் பதிலும் நெஞ்சில் வந்து முட்டின.

"ஒரு நிமிசம் மாமா" என்று இடது கையால் போனை எடுத்தான். பூபதிக்கு அடித்தான். ஒரே கையால் எல்லாம் செய்கிறவன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான்; கீழே வைத்தான்.

"சார், கை எறங்கிகிட்டே போகுது."

"வீக்கம்ணா. ரெண்டாவது வாரத்துல இப்படி எறங்கும். ஐஸ் வைங்க, விடாம நீங்களே மடக்குங்க. திரும்ப ஏறும்."

"சார்... எண்ணெய் போட்டு ஒருத்தர் மடக்கி உட்டா?"

 பூபதி நிதானமாகக் கேட்டார். "முன்னாடி அப்படிப் பண்ணாங்களா?"

சுஜாதா வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். மாதேஸ்வரன் பார்த்தான். பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ரெண்டு மாசம் சார். டாக்டர்கிட்ட இல்லைன்னு பொய் சொல்லிட்டேன்."

"ஐயோ அண்ணா! அடிபட்ட முழங்கைய அடுத்தவங்க இழுத்து மடக்கினா உள்ள சதை கிழியும், ரத்தம் கட்டும். அந்த எடத்துல எலும்பு உண்டாயிரும். அடிபட்டதாலயும் வரும்தான், இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதுதான் பெருசா கெடுத்திருக்கும். நீங்க மடக்கினா வலிக்கிற எடத்துல நிறுத்துவீங்க. அடுத்தவங்க நிறுத்த மாட்டாங்க, அதுதான் வித்தியாசம். அந்த ஆளு யாரா இருந்தாலும் கைய தொட விடாதீங்க. நாளைக்கு டாக்டர்கிட்டயும் சொல்லிருங்க."

போன் அணைந்தது. ஏழு மாதக் குழப்பம் அரை நிமிடத்தில் தீர்ந்தது. அதைத் தெரிந்துகொள்ள மாமனாரின் முகத்துக்கு முன்னால் அது சொல்லப்பட வேண்டியிருந்தது. மாதேஸ்வரனுக்கு நிமிர்ந்து பார்க்கும் தைரியம் இல்லை.

கை பிறகு என்ன ஆனது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீக்கம் வடிந்து எண் மறுபடி ஏறியது. ஜூலைக் கடைசியில் சர்ட்டிபிகேட்டோடு போய் மூர்த்தியின் முன்னால் இரண்டு பட்டனையும் அமுக்கினான், பிரஸ் இறங்கியது. கை முழுதாக நேராகவில்லை. இனி ஆகவும் ஆகாது. சோறு வாய்க்கு வருகிறது, பட்டன் எட்டுகிறது, அது போதும் அவனுக்கு. ஆனால் இதெல்லாம் அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் தெரியாது.

திம்மப்பன் எண்ணெய்க் கைகளை எங்கேயும் துடைக்காமல் அப்படியே விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.  மருமகனைத் திட்டுவார் என்று சுஜாதா பயந்தாள். அவர் திட்டவில்லை.

"அந்தச் சாருக்கு இன்னொரு தடவ போடு" என்றார்.

"எதுக்கு மாமா? உடுங்க. தெரிஞ்சா பண்ணீங்க?"

"போடுன்னா போடு."

மாதேஸ்வரன் போட்டான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குரலைச் செருமிக்கொண்டார். பூபதி எடுத்து, "சொல்லுங்கண்ணா" என்றார்.

"சார், குருபரப்பள்ளில முனிலட்சுமின்னு ஒரு பொண்ணு. அதும் புள்ளைக்கு ஒம்பது வயசு. முழங்கை பிசகி, நாலு நாளா நீவிகினு இருக்குது. ஓன்னு அழுவுது சார். அந்தப் புள்ளைய இப்ப எங்க இட்டுகினு போவணும்?"

"உடனே எலும்பு டாக்டர்கிட்ட கொண்டு போகணும், இன்னிக்கே. யாருங்க நீவுறது? மொதல்ல அந்த ஆள நிறுத்தச் சொல்லுங்க."

திம்மப்பன் போனுக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"நிறுத்திட்டேன் சார். நான்தான் அந்த ஆளு."